மூணு சென்டிமீட்டர் கம்மி

நீர்வளத் துறைக்காரர்களின் வருடாந்திரக் கூட்டம் நடந்த மண்டபத்தில், ஆண்கள் கழிவறைக் குழாய் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. அணை கட்டுகிறவர்கள், ஆற்றுக்குக் கரை போடுகிறவர்கள், கப்பல் போகும் கால்வாயைத் தூர்வாருகிறவர்கள் என்று தண்ணீரோடு சம்பந்தப்பட்ட பெரிய மூளைகள் எல்லாம் அங்கே கூடியிருந்தன. கை கழுவப் போன ஒவ்வொருவரும் அந்தக் குழாயைப் பற்றி ஓர் அபிப்பிராயம் சொல்லிவிட்டு வந்தார்கள். வாஷர் போயிருக்கும் என்றார் ஒருவர். மேல்தொட்டியில் அழுத்தம் அதிகம் என்றார் இன்னொருவர். நிறுத்தத்தான் ஆளில்லை. கடைமடையும் போய் ஒரு திருகு திருகிப் பார்த்தார். முன்னைவிட வேகமாகச் சொட்டியது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, கைக்குட்டையால் கையைத் துடைத்தபடி வெளியே வந்துவிட்டார்.

கடைமடை என்பது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் அல்ல. கால்வாயில் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடத்தைச் சொல்லும் வார்த்தை அது. தூர்வாரும் கப்பலின் கேப்டன் ஒருவர், பல வருஷத்துக்கு முன் இதே மாதிரி ஒரு கூட்டத்தில், “யோவ் கடைமடை, இங்க வாய்யா” என்று கூப்பிட்டது அப்படியே ஒட்டிக்கொண்டது. பொருத்தமான பெயர்தான். ஆறு கடலில் கலப்பதற்கு முன்னால் இருக்கும் கடைசி மதகு அவர் பொறுப்பில் இருந்தது. இரண்டு பெரிய இரும்புக் கதவுகள், நடுவில் நீளமான ஒரு தொட்டி. ஆற்றிலிருந்து வரும் படகு தொட்டிக்குள் நுழைந்ததும் பின்கதவை மூடி, தண்ணீரை வடித்து, படகைக் கடல் மட்டத்துக்கு இறக்கி, முன்கதவைத் திறந்து அனுப்ப வேண்டும். கடலிலிருந்து வரும் படகுக்கு இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். ஆற்றில் தண்ணீர் சரியாக இருக்கும்வரை வேலை சுலபம். குறைந்தால் படகின் அடி தட்டும். கூடினால் கதவுக்கு மேல் வழியும். ஆகவே மதகுச் சுவரில் பதித்திருக்கும் அளவுகோலைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அவர் பிழைப்பு.

பார்ப்பது என்றால் நாமெல்லாம் பார்ப்பது போல அல்ல. அலை தணியும்வரை காத்திருந்து, குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். ஏறத்தாழ என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. கதவுக்குக் கிரீஸ் தடவும் வேலைக்குச் சேர்ந்த காலத்திலேயே அப்படித்தான். அவருடைய அப்பா படகு எஞ்சின் மெக்கானிக். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்வார், பாதி நாள் தப்பாகச் சொல்வார். அந்தக் குருட்டாம்போக்கு வேலை தனக்கு வேண்டாம் என்று மகன் சின்ன வயதிலேயே முடிவு செய்திருக்க வேண்டும். கல்யாணமான புதிதில், குழம்பில் உப்பு எப்படி என்று மனைவி கேட்டதற்கு, “கால் ஸ்பூன் ஜாஸ்தி” என்று பதில் சொன்னவர் அவர். “சென்டிமீட்டர்ல சொல்லாம விட்டீங்களே, அதுவரைக்கும் சந்தோஷம்” என்றாளாம் அந்த மகராசி.

அந்த மனைவி இறந்து ஐந்து வருஷமாகிறது. சிறுநீரகம் கெட்டு, நாலைந்து மாதம் மருத்துவமனையும் வீடுமாக அலைந்து, ஒரு காலை நேரத்தில் போய்ச் சேர்ந்தாள். ஒரே மகள் வேறு ஊரில் பிசியோதெரபி பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவாள். அவர் கூப்பிடமாட்டார். பாசம் இல்லாமல் இல்லை. வேலை இல்லாமல் ஒருத்தரைக் கூப்பிட்டு என்ன பேசுவது என்று அவருக்கு உண்மையிலேயே தெரியாது. அவர் வாழ்க்கையில் தொலைபேசி என்பது தகவல் சொல்ல. தகவல் முடிந்தால் வைத்துவிட வேண்டியதுதான்.

இனி மேலணை மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆற்றின் மேல்கோடியில் இருக்கும் அணைக்கட்டில், கட்டுப்பாட்டு அறைக்கு அவர்தான் பொறுப்பு. அங்கே எந்தக் கதவை எவ்வளவு திறப்பது என்பது அவர் கையில். அவர் மதியத்தில் திறந்துவிடும் தண்ணீர், ஆறு முழுக்க நடந்து, மறுநாள் விடியும்போதுதான் கடைமடைக்கு வந்து சேரும். தினமும் காலையில் கடைமடை அவருக்குப் போன் செய்து மட்டத்தைச் சொல்ல வேண்டும் என்பது விதி. விதிப்படி ஒன்பது வருஷமாகச் சொல்லி வந்தார். “ரெண்டு மீட்டர் நாப்பத்தொண்ணு மேடம்.” “சரி சார்.” அவ்வளவுதான். கொஞ்சம் கரகரத்த குரல். பின்னால் மின்விசிறி ஒன்று டக் டக் என்று அடித்துக்கொண்டிருக்கும்.

மனைவி இறந்த மாதத்தில் ஒரு நாள் பிற்பகல், உண்மையிலேயே தண்ணீர் குறைந்துவிட்டது. மணல் ஏற்றி வந்த படகு ஒன்றின் அடி தட்டியது. அவசரமாகப் போன் செய்தார். “மூணு சென்டிமீட்டர் கம்மி மேடம், கொஞ்சம் திறந்து விடணும்.”

“விடறேன். சார்... குரல் ஒரு மாதிரி இருக்கே. சாப்பிட்டீங்களா?”

சாப்பிடவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, முந்தின நாளும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஆனால் அதைக் கேட்டவர் அந்த ஒருத்தர்தான். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் எப்படி இறந்தாள் என்று கேட்டார்கள். சாப்பிட்டீர்களா என்று யாரும் கேட்கவில்லை. கடைமடை “இனிமேதான்” என்று சொல்லிவிட்டு வைத்தார். வைத்தவர் போய் இரண்டு ரொட்டித் துண்டைத் தின்றுவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் அழுதார்.

மறுநாள் பிற்பகல் தண்ணீர் கச்சிதமாக இருந்தது. ஆனால் போன் எப்படியோ கைக்கு வந்துவிட்டது. எண்ணையும் அழுத்தியாகிவிட்டது. “என்ன சார்?” என்றது அந்தக் குரல். என்ன சொல்வது? முந்தின நாள் சொன்ன வார்த்தையே வாயில் வந்தது.

“மூணு சென்டிமீட்டர் கம்மி மேடம்.”

அவர் வாழ்க்கையில் சொன்ன முதல் பொய் அது. முதல் பொய்க்கே ருசி கண்டுவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். வாரநாள் எல்லாம், மதியச் சாப்பாடு முடிந்து படகுகள் ஓயும் நேரத்தில், மூன்று சென்டிமீட்டர் குறைந்துகொண்டே இருந்தது. இரண்டு என்றோ நாலு என்றோ மாற்றிச் சொல்லும் சாமர்த்தியம்கூட அவருக்கு வரவில்லை. மேலணை மேடம் சின்னக் கதவைக் கொஞ்ச நேரம் திறந்துவிடுவார். அணை நிறைந்த அணை. அந்தச் சொற்பத் தண்ணீரால் யாருக்கும் குறைச்சல் வரவில்லை. அது மறுநாள் விடியலில் வந்து, மதகு வழியாகக் கடலுக்குப் போய்விடும். திறந்துவிட்டபிறகு இரண்டு வார்த்தை பேசுவார்கள். மேடத்தின் பையன் காலேஜில் எதையோ கோட்டைவிட்டது, ஜன்னல் ஒழுகுவது, உருளைக்கிழங்கு முளைவிட்டால் தின்னலாமா கூடாதா. கணவரோடு ஒத்துவராமல் மேடம் பிரிந்து வந்து வெகுநாளாயிற்று என்பதும் ஒரு நாள் பேச்சுவாக்கில் தெரிந்தது. அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் கடைமடை காலையில் எழுந்து முகம் கழுவினார் என்றால் அது மிகையில்லை.

இதெல்லாம் போனில். நேரில் பார்த்தால் இருவருக்கும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வருஷத்துக்கு ஒருமுறை இந்தக் கூட்டத்தில் பார்த்துக்கொள்வார்கள். “வணக்கம் மேடம்.” “வணக்கம் சார். தண்ணி எப்படி இருக்கு?” “நல்லா இருக்கு மேடம்.” முடிந்தது கதை. போதாததற்குக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. மதியச் சாப்பாட்டு மேஜையில் ஆற்றின் வரிசைப்படிதான் உட்கார வேண்டும். மேல்கோடியில் அணைக்கட்டுக்காரர்கள், அப்புறம் அடுத்தடுத்த மதகுக்காரர்கள், கீழ்க்கோடியில் கடைமடை. மேல்காரனுக்கும் கீழ்க்காரனுக்கும் தண்ணீர்ச் சண்டை வந்த காலத்தில், பக்கத்து மதகுக்காரர்களாவது முகம் பார்த்துப் பேசட்டும் என்று யாரோ செய்த ஏற்பாடு. ரொட்டிக் கூடை மேலிருந்து கைமாறி வரும். கீழே வரும்போது கூடை மட்டும் வரும். ஆற்றில் நடப்பதுதான் மேஜையிலும் நடந்தது. போன வருஷம், ஒரு துண்டு கேக் தட்டோடு அத்தனை கையையும் தாண்டி முழுசாக வந்து சேர்ந்தது. “மேலருந்து சொல்லி அனுப்பிருக்காங்க. வழியில யாரும் கை வைக்கக் கூடாதாம்” என்றார் கேப்டன், கேக்கையே பார்த்தபடி. கடைமடை தலைநிமிராமல் தின்று முடித்தார்.

இந்த வருஷக் கூட்டத்துக்கு அவர் கொஞ்சம் கலக்கத்தோடுதான் வந்திருந்தார். அழைப்பிதழில், சாப்பாட்டுக்கு அப்புறம் வரும் கட்டுரைக்குத் தலைப்பு, ‘கடைசி மதகில் நீர்மட்டம்: ஒரு புதிர்’ என்று போட்டிருந்தது.

கட்டுரை வாசித்தவள் ஓர் இளம் பொறியாளர். கடைமடைக்கு நன்றாகத் தெரிந்த பெண். இரண்டு வருஷத்துக்கு முன் மதகுச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டிவிட்டுப் போனவள் அவள்தான். அது தண்ணீரை நோக்கி ஒலியை அனுப்பி, திரும்பி வரும் நேரத்தை வைத்து மட்டத்தைத் தானே அளக்கும். மாதம் ஒருமுறை பார்க்க வருவாள். அவர் டீ போட்டுக் கொடுப்பார். பெட்டிமேல் பறவைகள் எச்சமிட்டால் துடைத்தும் வைப்பார். அந்தப் பெட்டி தன் பொய்யைக் கண்டுபிடிக்கும் என்று பயப்படவில்லையா என்று கேட்கலாம். அது ஆராய்ச்சிக்கு என்று சொல்லித்தான் மாட்டினார்கள். ஆராய்ச்சி என்றால் யாரும் படிக்கமாட்டார்கள் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை.

திரையில் ஒரு நீலக்கோடு வந்தது. “இது பெட்டி அளந்தது” என்றாள் அவள். கோட்டைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள். “இது மதகு சார் போன்ல சொன்னது, அணைல எழுதி வச்சது. காலைப் புள்ளிகளப் பாருங்க. எல்லாம் கோட்டு மேலயே உக்காந்திருக்கு. ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்கூட இல்ல. இப்ப மதியத்தைப் பாருங்க.”

மதியப் புள்ளிகள் எல்லாம் கோட்டுக்குக் கீழே, ஒரே சீராக, மூன்று சென்டிமீட்டர் தள்ளி வரிசையாக நின்றன. வாரநாள்களில் மட்டும்.

கடைமடை முன்வரிசையைப் பார்த்தார். அங்கே மேலணை மேடத்தின் பின்கழுத்தும் நரை கலந்த கொண்டையும் மட்டும் தெரிந்தன. அசையவில்லை. தெரிந்துகொண்டிருப்பார். தினமும் தன்னிடம் பொய் சொன்ன ஆள் என்று. இனி எந்த மூஞ்சியோடு அந்தக் குரலிடம் பேசுவது? வேலை போனால்கூடப் பரவாயில்லை, பிற்பகல் போய்விட்டதே என்று நினைத்தார்.

மண்டபம் குஷியாகிவிட்டது. இப்படி ஒரு புதிர் கிடைத்தால் விடுவார்களா? மதிய வெயிலில் சுவர் விரிந்து அளவுகோல் மேலே ஏறியிருக்கும் என்றார் ஒருவர். அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை சுவர் விரியாதா என்று இன்னொருவர் மடக்கினார். கடல்காற்று தண்ணீரை மேல்நோக்கித் தள்ளும் என்றார் மூன்றாமவர். மேற்கு வெயில் கண்ணில் பட்டுத் தப்பாகப் படித்திருப்பார் என்று ஒருவர் சொல்ல, “சாப்பிட்டதும் ஒரு தூக்கம் வரும், அதச் சொல்லுங்க” என்றார் கேப்டன்.

அப்போது ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர் எழுந்தார். அவர் எழுந்தால் மற்றவர்கள் உட்கார்ந்துவிடுவது வழக்கம். “அந்த ஆள எனக்கு முப்பது வருஷமா தெரியும்” என்றார். “வெள்ளத்தப்போ, கதவு மேல நின்னுக்கிட்டு நிமிஷத்துக்கு நிமிஷம் மட்டம் சொன்ன ஆள். அவர் கம்மின்னா கம்மிதான். கோளாறு பெட்டில இருக்கும்மா. மதியச் சூட்டுல உன் மெஷின் உளறுது. இத நம்பி எல்லா மதகுலயும் மாட்டணும்னு வேற கேக்கறே.”

கூட்டம் தலையாட்டியது. தலைவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி, “அப்ப இந்தத் திட்டத்த இப்போதைக்கு நிறுத்தி வைக்கலாமா?” என்றார். அந்தப் பெண் கையில் இருந்த சிறு விளக்கால் திரையில் ஒரு சிவப்புப் பொட்டைக் காட்டிக்கொண்டிருந்தாள். பிறகு அதை அணைத்துவிட்டாள்.

கடைமடை எழுந்து நின்றார். எழுந்தபின்தான் எழுந்துவிட்டோம் என்று அவருக்கே தெரிந்தது.

“பெட்டி சொல்றதுதான் சரி சார்.”

எல்லாரும் திரும்பினார்கள். “அப்ப நீங்க தப்பாப் படிச்சீங்களா?” என்றார் தலைவர்.

“இல்ல சார். சரியாத்தான் படிச்சேன்.”

“பின்ன?”

“தப்பாச் சொன்னேன்.”

யாரோ சிரித்தார்கள். தலைமைப் பொறியாளரின் முகம் விழுந்துவிட்டது. “ஏன்யா?” என்றார், கோபத்தைவிட வருத்தம் அதிகமாக.

அதற்குப் பதில் கடைமடையிடம் இருந்தது. ஆனால் அத்தனை பேர் நடுவில், ஒலிபெருக்கி வைத்த மண்டபத்தில், அதை எப்படிச் சொல்வது? காதுமடல் சுட்டது. “தண்ணி சரியாத்தான் இருந்துச்சு. பொண்ணோட மெஷின்ல ஒரு தப்பும் இல்ல. தப்பு முழுசும் என்னோடது” என்று மட்டும் சொல்லி, முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“முழுசும் இல்ல” என்றது முன்வரிசையிலிருந்து ஒரு கரகரத்த குரல்.

மேலணை மேடம் எழுந்திருந்தார். கடைமடையைத் திரும்பிப் பார்க்கவில்லை. தலைவரைப் பார்த்துத்தான் பேசினார். ஆனால் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே பேசினார்.

“அந்தப் பெட்டி மாட்டின அன்னைக்கே எங்க கட்டுப்பாட்டு அறைல ஒரு திரையும் வச்சாங்க சார். கடைசி மதகுல தண்ணி எவ்வளவுன்னு ரெண்டு வருஷமா என் மேஜை மேலயே ஓடிக்கிட்டிருக்கு. சார் போன்ல மூணு சென்டிமீட்டர் கம்மின்னு சொல்றப்ப, கம்மியில்லன்னு நான் பாத்துக்கிட்டேதான் இருப்பேன்.”

“பாத்துக்கிட்டே திறந்தீங்களா?”

“ஆமா சார். பாத்துக்கிட்டேதான் திறந்தேன்.”

நீர்ப்பொறியியலில் கரைகண்ட அத்தனை பேரும், நீலக்கோட்டையும் சிவப்புப் புள்ளிகளையும் அந்த இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்கள். முதலில் புரிந்தது கேப்டனுக்குத்தான். “அடப்பாவி கடைமடை...” என்று ஆரம்பித்தவர், ஏனோ பாதியில் நிறுத்திக்கொண்டு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். அப்புறம் அது ஒவ்வொரு வரிசையாகப் பரவியது. தலைமைப் பொறியாளர் மெதுவாக உட்கார்ந்தார். மேடையில் நின்ற பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் மட்டும் பளபளத்தது. தலைவருக்குத்தான் கடைசியில் விளங்கியது. அவர் இரண்டு முறை இருமி, “கருவி சரியாகத்தான் வேலை செய்கிறது என்று பதிவு செய்துகொள்ளலாம். திட்டத்துக்கு ஒப்புதல். டீ வந்துடுச்சுன்னு நினைக்கிறேன்” என்றார். டீ வரவில்லை. ஆனாலும் எல்லாரும் அவசரமாக வெளியே போனார்கள். மனிதர்கள் சில சமயம் ரொம்ப நல்லவர்களாக இருந்துவிடுகிறார்கள்.

தாழ்வாரத்தின் கடைசி ஜன்னல் பக்கம் மேலணை மேடம் நின்றிருந்தார். கடைமடை போய்ப் பக்கத்தில் நின்றார். வணக்கம் சொல்ல வேண்டுமா, மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்று தெரியவில்லை.

“தெரிஞ்சும் எதுக்கு மேடம் திறந்தீங்க?”

மேடம் ஜன்னல் கம்பியில் இருந்த தூசியை விரலால் துடைத்தார். “மொத நாள் திரைய பாத்துட்டு, பொய் சொல்றாரேன்னு கோவமாத்தான் வந்துச்சு. கேட்டுடலாம்னு வாயத் திறந்தேன். கேட்டா மறுநாள் கூப்பிட மாட்டீங்களேன்னு தோணுச்சு.” விரலில் ஒட்டிய தூசியை ஊதிவிட்டார். “அதுக்கு தண்ணியவே விட்டுடலாம்னு விட்டேன்.”

கடைமடைக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, அணைக்கட்டுக்காரர்களின் பஸ் கிளம்புகிறது என்று யாரோ வந்து சொன்னார்கள். மேடம் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். இவர் சொல்லவேண்டிய நேரத்தில் மரம் மாதிரி நின்றுவிட்டு, அப்புறம் ஊர் வரும்வரை பஸ்ஸில் தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்தார்.

இரண்டு வாரத்தில் உத்தரவு வந்தது. இருவருக்கும் ஆளுக்கொரு கண்டிப்பு, அதுவும் ரொம்ப மென்மையான கண்டிப்பு. கூடவே, மாதம் பிறந்ததும் மட்டத்தைப் பெட்டியே அணைக்குச் சொல்லிவிடும், அணைக்கதவு அதைப் பார்த்துத் தானே திறந்து மூடும், மதகிலிருந்து யாரும் போன் செய்ய வேண்டியதில்லை என்று இருந்தது. காலையும் வேண்டாம், பிற்பகலும் வேண்டாம். பெட்டியை மாட்டின பெண்ணுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. “ஸாரி சார்” என்று வந்து நின்றாள். “நீ என்னம்மா பண்ணுவே, உன் பெட்டி நல்ல பெட்டி” என்று டீ போட்டுக் கொடுத்தார்.

மாதம் பிறந்தது. முதல் நாள் காலையில் பழக்கதோஷத்தில் போனை எடுத்து, வைத்துவிட்டார். பிற்பகலில் எடுக்கவே பயந்து, கதவுக்குக் கிரீஸ் தடவப் போய்விட்டார். அந்தக் கதவுக்கு முந்தின நாள்தான் தடவியிருந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. அந்தப் பக்கமிருந்தும் மணி அடிக்கவில்லை. மேடமும் என்ன செய்வார், ஒன்பது வருஷமாகக் கூப்பிடுவது கீழேயிருந்து, எடுப்பது மேலேயிருந்து. அதுவே பழகிவிட்டது. பத்து நாள் இப்படிப் போனால் கூச்சம் இறுகிவிடும், அப்புறம் அடுத்த வருஷக் கூட்டத்தில் ‘தண்ணி எப்படி இருக்கு’தான் என்று கடைமடைக்குத் தெரிந்தது. கையில் இருந்ததை நழுவவிடுகிறோம் என்று தெரிந்தே நழுவவிட்டுக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டபோது, சுற்றி வளைத்துக் கேட்டார். “ஏம்மா, ஒருத்தர வேலை ஒண்ணும் இல்லாம கூப்பிட்டா தப்பா நினைப்பாங்களா?”

“என்னை நீ கூப்பிட்டிருக்கியாப்பா, ஒரு தடவையாவது?” என்றாள் மகள். குரலில் சண்டை இல்லை. அதனால்தான் அது அதிகமாகச் சுட்டது.

அதனால் திங்கள்கிழமை மதியம், முதலில் மகளைக் கூப்பிட்டார். அவள் பதறிப்போய், “என்னப்பா ஆச்சு? நெஞ்சு வலியா? எங்க இருக்க?” என்று கத்தினாள். ஒன்றும் இல்லை என்று நம்பவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நம்பினதும் அழ ஆரம்பித்தாள். அப்புறம் சிரித்தாள். அப்புறம், “சரிப்பா, நாளைக்கும் கூப்பிடு” என்றாள். ஒரு தகவலும் இல்லாத பேச்சு இவ்வளவு நேரம் ஓடும் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தத் தைரியம் ஆறுவதற்குள் மேலணை எண்ணை அழுத்தினார். மணி அடித்தது. வெளியே தண்ணீர் கச்சிதமாக இருந்தது. பெட்டி அதை மேலே சொல்லியிருக்கும். அவர் சொல்ல எதுவும் மிச்சமில்லை.

“சொல்லுங்க சார்” என்றது குரல். பின்னால் அதே மின்விசிறி. “என்ன, ஏதாவது கோளாறா? இங்க திரைல எல்லாம் சரியாத்தான் காட்டுது.”

“தண்ணிக்கு ஒண்ணும் இல்ல மேடம்.”

“பின்ன?”

அவர் ஜன்னலைப் பார்த்தார். அளவுகோலைப் பார்த்தார். பொய் சொல்ல இந்த முறை எதுவும் கிடைக்கவில்லை.

“சும்மாதான் கூப்பிட்டேன்.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் ஒன்று கேட்டது.

“சும்மாவா?” என்றார் மேடம். “அப்ப இருங்க. இத்தனை வருஷமா நின்னுக்கிட்டேதான் உங்ககிட்ட பேசியிருக்கேன். ஒரு நாற்காலி எடுத்துப் போட்டுக்கறேன்.”

ஆற்றின் மேல்கோடியில் ஒரு நாற்காலி தரையில் கரகரவென்று இழுபடுவது, கடைசி மதகு வரைக்கும் நன்றாகக் கேட்டது.